அழிக்காத புலி

டார்லா வெஸ்கோவின் வாசலில் யாரோ ஒரு பெரிய பூசணிக்காயைப் போட்டு உடைத்திருந்தார்கள். திருஷ்டி கழிக்க உடைத்தது அல்ல. முந்தின நாள் ஹாலோவீனுக்காகக் கண், மூக்கு, பல் எல்லாம் செதுக்கி உள்ளே விளக்கேற்றி வைத்திருந்த அவளுடைய பூசணியையே தூக்கி, அவளுடைய கதவிலேயே அடித்திருந்தார்கள். விதைகள் கதவெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஊர்ல ரொம்ப நல்ல பேர் எடுத்திருக்காங்க பாஸ், நம்மளைக் கூப்பிட்டிருக்கற கட்சிக்காரங்க," என்றான் ரோலி, வழுக்காமல் தாண்டியபடி.

இங்க்ரிட் சாத்தர் அழைப்பு மணியை அழுத்தினாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அலுவலகம் என்றால் ஒரு மேஜை, ஒரு பழைய கார், அந்தக் காரை ஓட்டவும் வாய் ஓயாமல் பேசவும் ரோலி குபியாக். ரோலி அதற்கு முன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். கெட்டில் க்ரீக் என்ற அந்தச் சின்ன ஊரில் அவனுக்குத் தெரியாத பிள்ளை கிடையாது.

இன்று அவன் வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினான். பேச்சை நிறுத்தினால் ஹேட்டியின் ஞாபகம் வந்துவிடும். பஸ்ஸில் அவனுக்குப் பின்னாலிருக்கும் முதல் சீட்டு அவளுடையது. "ரோலி, சிவப்பு விழுந்திருக்கு, நில்லு," என்று ஒரு வருஷம் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அந்தச் சின்னப் பெண் இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். தீயணைப்பு நிலையக் கூடத்தில் வருஷா வருஷம் ஹாலோவீன் விருந்து நடக்கும். அங்கே பிள்ளைகளின் முகத்தில் சாயம் தீட்டுவது டார்லா. புலி, பூனை, வௌவால், மண்டை ஓடு என்று கேட்டதைப் போடுவாள். நேற்றும் போட்டாள். இருட்டுவதற்குள் ஐந்தாறு பிள்ளைகளுக்கு முகம் சிவந்து எரிய ஆரம்பித்துவிட்டது. ஹேட்டிக்கு இடது கண்ணே மூடிக்கொண்டது. பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவி மருந்து போட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்குக் காலையில் எரிச்சல் தணியத் தொடங்கிவிட்டது. ஹேட்டிக்கு மட்டும் தணியவில்லை, ஏறிக்கொண்டே போகிறது.

"சாயத்துல என்ன இருந்துச்சுன்னு டாக்டருங்க கேக்கறாங்க," என்றாள் டார்லா. சமையலறை நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "பத்து வருஷமா வாங்கற அதே சாயம்தான். போலீஸ் பெட்டியோட எடுத்துட்டுப் போயிட்டாங்க. சோதனை திங்கக்கிழமைதான். அதுவரைக்கும் அந்தக் கண்ணு தாங்குமா? என் தொழில் போனா போகட்டும் இங்க்ரிட். அந்தக் கொழந்தைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு."

"கையைக் காட்டு," என்றாள் இங்க்ரிட்.

டார்லா கோட்டுக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அரைப் பட்டாம்பூச்சி, பூனை மீசை, புலிக்கோடு, ஒரு சின்னப் பேய்.

"இது என்ன?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் போடறதுக்கு முன்னாடி தூரிகையை என் கையிலதான் இழுத்துப் பாப்பேன். வந்து குளிக்கக்கூடத் தோணல."

"ஒரு மிருகக்காட்சி சாலையே மேஞ்சிருக்கு, ஒரு சிவப்பைக் காணோமே பாஸ்," என்றான் ரோலி.

"போலீஸ்கிட்டயும் காட்டினேன். பெரியவங்க தோல் தடிமன், பிள்ளைங்க தோல் மெல்லிசுன்னுட்டாங்க."

வெளியே கார்க் கதவு அறையப்படும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி ஹேட்டியின் அம்மா கேண்டஸ் உள்ளே நின்றாள். நேற்றைய சூனியக்காரி வேஷத்தின் கோடுபோட்ட காலுறை கோட்டுக்குக் கீழே இன்னும் தெரிந்தது. தலையில் தொப்பி மட்டும் இல்லை. மகளுடைய துணி பொம்மை முயலை எடுக்க வீட்டுக்கு வந்தவள், ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற வழியில் இங்கே வண்டியை நிறுத்தியிருக்கிறாள்.

"என்னடி போட்ட என் பொண்ணு மூஞ்சியில?" சத்தம் போடாமல்தான் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று ரோலிக்குத் தோன்றியது. "சீப்பா கிடைக்குதுன்னு எங்க வாங்கின? சொல்லு. அந்தப் பேரையாவது டாக்டர்கிட்ட சொல்றேன்."

"கேண்டஸ், என் மேல ஆணையா..."

"உன் ஆணை யாருக்கு வேணும்?"

இங்க்ரிட் இடையில் வந்து நின்றாள். "ஹேட்டி இப்ப எப்படி இருக்கா?"

அந்த ஒரு கேள்வியில் கேண்டஸ் உடைந்துபோனாள். "கண்ணுல இருந்து தண்ணியா வடியுது. மருந்து போடக் கட்டை அவிழ்க்கறப்பல்லாம் துடைச்சுத் துடைச்சு விடறேன். ராத்திரி பூரா கண்ணு மூடல நான். ஒவ்வொரு தடவை பாக்கறப்பவும் இன்னும் சிவந்திருக்கு." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் வெந்தவைபோலச் சிவந்து, நகத்தோரம் தோல் உரிந்திருந்தது. பாவம், கையைப் பிசைந்து பிசைந்தே புண்ணாக்கிக்கொண்டிருக்கிறாள் என்று ரோலி நினைத்தான். இங்க்ரிட் அந்த விரல்களைச் சற்று அதிக நேரம் பார்த்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் இதை நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

முயல் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கியபடி கேண்டஸ் வெளியேறினாள். கதவருகே பூசணித் தோலில் கால் வைத்துத் தடுமாறினாள். பிடிக்கப் போன டார்லாவின் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

* * *

"ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளை. ஒண்ணுக்கு வந்திருக்கு, ஒண்ணுக்கு வரல," என்றாள் இங்க்ரிட் காரில். "அப்படி யாராவது இருக்காங்களா?"

"ட்ரூடி வீடு. ஆஸ்கரும் ஜூனியும். பஸ்ல அதுங்க ரெண்டையும் ஒரே சீட்டுல உக்கார வெச்சா டிரைவருக்கு ஆபத்துப்படி குடுக்கணும்."

ட்ரூடியின் வீட்டில் கதவைத் திறந்தது ஒரு புலி. ஆரஞ்சு முகம், கறுப்புக் கோடு, வெள்ளை வாய். ஒரு பக்கக் கன்னம் மட்டும் தலையணையில் தேய்ந்து மங்கியிருந்தது.

"ஏன்டா, நீ இன்னும் காட்டுக்குத் திரும்பலையா?" என்றான் ரோலி.

"கழுவ மாட்டேன்," என்றது புலி. "திங்கக்கிழமை இப்படியே பள்ளிக்கூடம் போவேன்."

"நேத்துல இருந்து கெஞ்சறேன், தண்ணி படவே விடல," என்றாள் ட்ரூடி. முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. "இதோட போராடவா, அவளைக் கவனிக்கவா?"

ஜூனி சோபாவில் ஈரத்துண்டை முகத்தில் வைத்துப் படுத்திருந்தாள். இங்க்ரிட் பக்கத்தில் மண்டியிட்டாள். துண்டை விலக்கினால் இரண்டு கன்னம், மூக்கு, மோவாய் எல்லாம் வெயிலில் கிடந்ததுபோலச் சிவந்திருந்தது.

"நீ என்ன வேஷம் கண்ணு?"

"பட்டாம்பூச்சி. இங்க." வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அந்தக் கன்னத்துல மட்டுமா?"

"மட்டும்தான். அப்பறம் வேணாம்னு சொல்லிட்டேன். ஆஸ்கர் புழுன்னு சொன்னான்."

"புழு மாதிரிதான் இருந்துச்சு," என்றது புலி.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு அது?" இங்க்ரிட் ட்ரூடியைப் பார்த்தாள்.

"வரிசையில நின்ன நேரம்கூட இல்ல. உடனே அழுது அழிக்கச் சொல்லிட்டா."

ரோலி ஆஸ்கரின் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினான். புலித்தோலின் கீழே பையனின் தோல் சௌக்கியமாக இருந்தது. "பாஸ், எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆரஞ்சு நல்ல சாயம், பட்டாம்பூச்சியோட பிங்க்தான் வில்லன். ஹேட்டி பூனைக்கும் பிங்க் மூக்குதான் போட்டிருப்பாங்க."

"டார்லா கையில பிங்க் இருந்துச்சு. நேத்துல இருந்து இருக்கு." இங்க்ரிட் எழுந்தாள். "ரோலி, சாயம் விஷம்னா யாருக்கு அதிகமா எரியணும்?"

"ரொம்ப நேரம் பூசியிருந்தவனுக்கு."

"மூஞ்சி பூரா பூசி, அதோடயே தூங்கி எந்திரிச்சவன் இதோ நிக்கறான். ஒரு கன்னத்துல பூசி உடனே அழிச்சவளுக்கு மூஞ்சி பூரா எரியுது. சாயமே படாத மோவாயும் எரியுது."

ரோலி குனிந்து ஜூனியின் மோவாயைப் பார்த்தான்.

"மோவாய்ல கேரமல் ஆப்பிளோட பாகு ஒட்டியிருந்துச்சு," என்றாள் ட்ரூடி மெல்ல. "சாயத்தை அழிக்கறப்ப அதையும் சேத்து..."

"எதால அழிச்சீங்க?"

"கூடத்துல கதவு பக்கம் ஒரு மேஜை இருந்துச்சு. பிள்ளைங்க மூஞ்சி துடைக்க ஈரத்தாள் வைப்ஸ் டப்பா வெச்சிருந்தாங்க. மேலெல்லாம் கட்டுத்துணி சுத்தி, ஆடற கண்ணு ரெண்டு ஒட்டி, எகிப்து மம்மி மாதிரி. பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு."

"டப்பா மேல என்ன எழுதியிருந்துச்சு?"

ட்ரூடி விழித்தாள். "எழுதியிருந்ததா? அதான் துணி சுத்தியிருந்ததே."

* * *

தீயணைப்பு நிலையக் கூடத்தில் கிழவர் வெர்ன் ஆரஞ்சுத் தோரணங்களை அறுத்துக்கொண்டிருந்தார். இளமையில் நெருப்பு அணைத்தவர். இப்போது கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறார். இரண்டு வேலையிலும் ஒரே அளவு சலித்துக்கொள்வார் என்று ஊரில் பேச்சு.

ரோலி மேஜையில் முழங்கையை ஊன்றினான். எடுக்கப் போனான், வரவில்லை. சட்டை மேஜையோடு ஒட்டிக்கொண்டது.

"வெர்ன், நேத்து துடைச்சீங்களா, இல்ல பசை தடவினீங்களா?"

"வாயை மூடு. எல்லா மேஜையையும் நானே துடைச்சேன். இந்த வருஷம் வாங்கின வைப்ஸ் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல. கேரமலைத் தொட்டா வழுக்கிட்டுப் போவுது. அதுக்கு வாசனை வேற, தொட்டில்ல கிடக்கற கொழந்தை மாதிரி."

நடந்துகொண்டிருந்த இங்க்ரிட் நின்றுவிட்டாள். "என்ன வாசனைன்னீங்க?"

"கொழந்தைப் பவுடர் வாசனை. அதோ, அந்த டப்பாதான்."

சமையல் மேடையில் ஒரு மம்மி நின்றது. கட்டுத்துணிக்கு நடுவே பிளாஸ்டிக் கண்கள் இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இங்க்ரிட் துணியின் முனையைத் தேடிப் பிடித்து உரித்தாள். உள்ளேயிருந்து சிரிக்கும் கைக்குழந்தை ஒன்றின் படம் வெளியே வந்தது.

"மேஜை துடைச்சது இதாலயா?"

"பின்னே? மேஜைக்கு ஒரு மம்மி, மூஞ்சிக்கு ஒரு மம்மின்னு ரெண்டு செஞ்சு கொண்டுவந்தா. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு போல."

ரோலி படத்திலிருந்த குழந்தையைப் பார்த்தான். மேஜையைத் துடைத்தது குழந்தைக்கு உரியது என்றால், குழந்தையைத் துடைத்தது...

"இன்னொண்ணு எங்க வெர்ன்?"

"காலியாயிடுச்சு. குப்பையில."

கறுப்புப் பையை அவிழ்த்துக் கொட்டினார்கள். காகிதத் தட்டுகளுக்கும் ஆப்பிள் குச்சிகளுக்கும் நடுவே இரண்டாவது மம்மி கிடைத்தது. ரோலியே உரித்தான். உள்ளே மஞ்சள் டப்பா. எலுமிச்சைப் படம். கீழே தடித்த எழுத்தில் மூன்று வரி: தரைக்கும் மேஜைக்கும் மட்டும். கையுறை அணிந்து பயன்படுத்தவும். கண்ணில் படக்கூடாது.

"கடவுளே," என்று வெர்ன் உட்கார்ந்துவிட்டார்.

"யார் செஞ்சு கொண்டுவந்தது இதை?" ரோலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்த மகராசி அலங்காரம் பண்றேன்னு டப்பாவோட மூஞ்சியை மூடினது?"

வெர்ன் அவனைப் பார்க்காமல் சொன்னார். "கேண்டஸ்தான்."

இங்க்ரிட் மஞ்சள் டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு தாள்கூட விழவில்லை.

"பெரிய டப்பா இது. ஐந்தாறு பிள்ளைங்க மூஞ்சி துடைச்சா காலியாகாது," என்றாள். "மிச்சம் எங்க போச்சு?"

"அவதான் எடுத்துட்டுப் போனா. ஹேட்டி கத்த ஆரம்பிச்சதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாங்க இல்ல, வழியில மூஞ்சி துடைக்க ஆகும்னு மொத்தத்தையும் உருவி ஜிப் பையில போட்டுக் கைப்பைக்குள்ள வெச்சுக்கிட்டா. நான்தான் பையைப் பிடிச்சுக் குடுத்தேன்."

வெந்த விரல் நுனிகள் ரோலியின் கண் முன்னால் வந்தன. துடைத்துத் துடைத்து விடுகிறேன் என்ற குரலும் வந்தது.

"பாஸ்," என்றான். "அவ இன்னும் துடைச்சுக்கிட்டிருக்கா."

இங்க்ரிட் அதற்குள் மஞ்சள் டப்பாவோடு வாசலைத் தாண்டியிருந்தாள்.

* * *

ரோலி காரை விரட்ட, இங்க்ரிட் போன் போட்டாள். கேண்டஸின் போன் அணைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள். "மன்னிக்கணும், குடும்பத்தார் தவிர வேற யாருக்கும் நோயாளியைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது."

"நான் எதையும் கேக்கலம்மா, சொல்றேன். அந்தத் தாயோட கைப்பையில..."

"ஒரு நிமிஷம், வார்டுக்கு இணைப்புக் குடுக்கறேன்," என்றாள் அவள். பிறகு பியானோ இசைதான் கேட்டது. சோளக்காடு முடிந்து நெடுஞ்சாலை வந்து நகரம் தொடங்கும்வரை பியானோ வாசித்துக்கொண்டே இருந்தது. ரோலி வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டினான். ஹேட்டி பார்த்திருந்தால் திட்டியிருப்பாள்.

வார்டுக் கதவைத் தள்ளியபோது கேண்டஸ் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். முயல் பொம்மை ஹேட்டியின் கழுத்தடியில் இருந்தது. கட்டை அவிழ்த்து மருந்து போட்டுவிட்டு நர்ஸ் அப்போதுதான் நகர்ந்திருக்க வேண்டும். வீங்கிய கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கியது. கேண்டஸ் மடியிலிருந்த ஜிப் பைக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு தாளை உருவினாள். எலுமிச்சை வாசனை ரோலியின் மூக்கை எட்டியது.

இரண்டே எட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடு ரோலி, என்ன பண்ற நீ?"

"வேணாம்மா. குடுத்துடு அதை."

"கண்ணு வடியுது, தெரியலையா? விடு என்னை."

இங்க்ரிட் பையை அவள் மடியிலிருந்து எடுத்து, ஓடி வந்த நர்ஸின் கையில் வைத்தாள். மஞ்சள் டப்பாவையும் சேர்த்தே வைத்தாள். நர்ஸ் படித்தாள். முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"டார்லாதானே?" என்றாள் கேண்டஸ். "அவ சாயத்துல என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டீங்க, அதானே?"

இங்க்ரிட் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே உட்கார்ந்தாள். பொய்க் கோரிக்கைக்காரர்களிடம் வருஷக்கணக்கில் உண்மையை முகத்துக்கு நேராகச் சொன்னவள். இப்போது முதலில் ஹேட்டியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சாயத்துல ஒண்ணும் இல்ல கேண்டஸ்," என்றாள் கடைசியில். "நீ ரெண்டு மம்மி செஞ்சே. வீட்டுல சுத்தறப்பவோ, கூடத்துல வைக்கறப்பவோ இடம் மாறிடுச்சு. கொழந்தைங்களோடது மேஜைக்குப் போயிடுச்சு."

கேண்டஸ் முதலில் சிரிக்கப் பார்த்தாள். பிறகு நர்ஸ் போன திசையைப் பார்த்தாள். அப்புறம் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஹேட்டிதான் கூச்சமா இருக்கு, பூனை மீசையை அழின்னா," என்றாள். "இமை மேலயும் பூசியிருந்துச்சு. கத்தினா. சாயம்தான் எரியுதுன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைச்சேன்." விரல்களைக் கோட்டில் தேய்த்தாள். "இங்க வந்தும்."

"உனக்குத் தெரியாது," என்றான் ரோலி.

"காலையில பொம்மை எடுக்க வர்றப்ப, டார்லா கதவுல பூசணியை அடிச்சது நான்தான்," என்றாள் கேண்டஸ். யாரும் கேட்காமலே சொன்னாள்.

டாக்டர் வந்தார். திரையை இழுத்தார்கள். தண்ணீர் ஓடும் சத்தமும், ஹேட்டி முனகும் சத்தமும், "சமத்து, இதோ ஆச்சு," என்று நர்ஸ் சொல்வதும் கேட்டன. கேண்டஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அரை மணிக்குப் பிறகு வெளியே வந்த டாக்டர், என்ன ரசாயனம் என்று இப்போது தெரிந்துவிட்டது, கண்ணைக் காப்பாற்ற முடியும் என்று நினைக்கிறேன், பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைச் சில நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். இன்னும் ஒரு ராத்திரி இப்படியே போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், கேண்டஸைப் பார்த்து அதை முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

இங்க்ரிட் டார்லாவுக்குப் போன் செய்ய வராந்தாவுக்குப் போனாள். ரோலி கட்டில் அருகே வந்தான். ஹேட்டி ஒற்றைக் கண்ணால் அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ரோலி, பஸ்ஸை எங்க நிறுத்தின?"

"வாசல்லதான். நீ வராம கிளம்ப மாட்டேன்னு நிக்குது."

ஹேட்டி அதை நம்பினாள். பிறகு தலையைத் திருப்பி அம்மாவைத் தேடினாள். கழுவிய கண்ணிலிருந்து இன்னும் நீர் இறங்கி காதோரம் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கப் பழகியபடி மோவாயைத் தூக்கி, முகத்தை அம்மாவுக்கு வாகாக நீட்டினாள்.

"அம்மா, தண்ணி வருது. துடைச்சு விடு."

கேண்டஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஹேட்டி முகத்தை நீட்டியபடியே காத்திருந்தாள்.